முன் சக்கரத்துச் சத்தம்: எதையும் கழற்றுவதற்கு முன்

போன தை மாதம் காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகும்போது வண்டியின் முன்பக்கம் ஊம்ம்ம் என்று ஒரு சத்தம் கிளம்பியது. ஐம்பதுக்கு மேல் போனால்தான் வரும். வலது முன் சக்கரம் என்று என் காது அடித்துச் சொன்னது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டு, வலது பேரிங்கை, அதாவது சக்கரம் உருளும் குண்டு வளையத்தை, மாற்றச் சொல்லி, மாற்றியும் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியிலேயே அதே ஊம்ம்ம்.

மறுவாரம் அப்பத்தாவைக் குன்றக்குடிக்குக் கூட்டிப் போனேன். முன் சீட்டில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றியிருந்தவர், கொஞ்ச தூரம் போனதும், "என்னப்பா, காலுக்கடியில மாவு மில்லு ஓடுது?" என்றார். நானும் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். என் பக்கத்துத் தரை சும்மா இருந்தது. பழுது இடது பேரிங்கில்.

ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார்கிறார். பாதி இறக்கிய கண்ணாடி வழியாக அவர் காதுக்கு வருவதெல்லாம் வலப்பக்கச் சத்தம்தான். போதாதற்கு, ஒரு சக்கரத்தில் பிறக்கும் அதிர்வு வண்டியின் தகடு முழுக்கப் பரவி வேறெங்கோ போய்ப் பேசும். அதனால் எங்கே வருகிறது என்று காதைக் கேட்டுக்கொண்டிருப்பதை விட, எப்போது வருகிறது என்று கவனிப்பதில்தான் பலன் அதிகம். வேகத்தோடா, பிரேக்கோடா, ஸ்டியரிங்கோடா, பள்ளத்தோடா? இந்த நான்கில் ஒன்றோடு சத்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கேள்வியின் கிளைகள். முன்சக்கரம் இழுக்கும் சின்ன கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டு ஷெட்டில் இன்னும் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் ஆக்ஸில் ஜாயிண்ட் (எஞ்சின் பக்கமிருந்து முன்சக்கரத்துக்கு வரும் தண்டின் மூட்டு), காயில் ஸ்பிரிங், ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பற்றி வருவதையெல்லாம் தாண்டிப் போய்விடலாம்.

முதலில் நட்டு

எந்தச் சத்தமாக இருந்தாலும் முதல் வேலை வீல் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது. அண்மையில் பஞ்சர் ஒட்டியிருந்தால், டயரைக் கழற்றி மாட்டியிருந்தால் இது கட்டாயம். தளர்ந்த நட்டு மெதுவாகப் போகும்போது லொடக் லொடக் என்று தட்டும். வேகம் எடுத்ததும் சிலசமயம் அடங்கிவிடும். அடங்கியதை நம்பி அப்படியே போய்விடக் கூடாது. சின்ன கார்களுக்கு இறுக்கம் 100 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான எண் கூட வந்த கையேட்டில் உண்டு. வரிசையாக இறுக்காமல் எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போல்ட்டின் மரை இழுத்துக்கொண்டு போவது அப்படித்தான்.

இன்னும் சில அறிகுறிகள் இருந்தால் ஓட்டிப் பார்ப்பதே வேண்டாம். பிரேக் மிதித்தால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம், சக்கரத்தருகே கருகல் வாடை, நேர்ச்சாலையிலேயே ஸ்டியரிங் தானாக அலைவது, பள்ளத்தில் இறங்கும்போது டமார் என்று அடித்து வண்டி ஒரு பக்கம் இழுப்பது. இதெல்லாம் இருந்தால் வண்டி நின்ற இடத்துக்கே மெக்கானிக்கை வரவழையுங்கள், அல்லது தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

சுவரோரம் ஒரு நடை

சக்கரத்துச் சத்தத்தைக் கேட்பதற்கு நம் ஊரைப் போல வசதியான இடம் கிடையாது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்கட்டு முடிகிற நீளம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் அந்தப் பக்கச் சுவர்கள் தெரு நீளத்துக்கு ஓடும். வண்டியின் இடப்பக்கம் சுவரை ஒட்டினாற்போல 20 கி.மீ. வேகத்தில், கண்ணாடியை முழுக்க இறக்கி, ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போனால், இடது சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டு அப்படியே காதுக்குத் திரும்பி வரும். வெட்டவெளியில் கேட்காத சின்னக் கிளுக் கூட இங்கே கேட்கும். வலது சக்கரத்துக்கு, சுவர் வலப்பக்கம் வருகிற மாதிரி வேறொரு தெருவில் போகலாம். மதியம் 3 மணி தோதான நேரம், தெருவில் ஆள் இருக்காது. ஆச்சிமார் கண்ணயரும் நேரமும் அதுதான், ஹாரன் மட்டும் வேண்டாம்.

கூடவே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன கார் டயரின் சுற்றளவு 1.8 முதல் 1.9 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 3 சுற்றுச் சுற்றும். டிக் டிக் என்ற சத்தம் நொடிக்கு மூன்று வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, வேகம் ஏறாமலே, சத்தம் மட்டும் ஏறினால் அது எஞ்சின் பக்கம், சக்கரத்தை விட்டுவிடுங்கள்.

வேகமாகப் போனால்தான் வரும் சத்தம் என்றால் நேரான, ஆளில்லாத சாலை வேண்டும். பிள்ளையார்பட்டி தாண்டித் திருப்பத்தூர் போகும் வழி எனக்குப் பழக்கம். தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் மட்டும் அங்கே போகாதீர்கள், பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். 60-இல் போய்க்கொண்டிருக்கும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்து, வேகம் குறையக் குறைய அதுவும் இறங்கினால் எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேரிங், டயர் இரண்டில் ஒன்று. சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

ஊம்ம்ம்: வேகத்தோடு ஏறும் ரீங்காரம்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. நானும்தான்.

பேரிங் போனாலும் ஊம்ம்ம். டயர் கோணலாகத் தேய்ந்தாலும் ஊம்ம்ம். இரண்டையும் பிரிக்க முதல் சோதனை சாலை. பழைய சொரசொரப்புத் தாரிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான தாருக்கோ சிமெண்டுச் சாலைக்கோ ஏறும்போது சத்தத்தின் குரல் மாறினால், குறைந்தால், டயர். எந்தச் சாலையானாலும் ஒரே குரலில் அரைத்துக்கொண்டிருந்தால் பேரிங்.

இரண்டாவது சோதனை கை. வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒடித்து, டயரின் பட்டன் மேல், அதாவது சாலையில் படும் கட்டைகள் மேல், உள்ளங்கையை முன்பின்னாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி நெருடல் என்றால் டயர்தான் பாடுகிறது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தப்பியோ, ஷாக் அப்சார்பர் ஓய்ந்தோ, நெடுநாள் டயர்களை இடம் மாற்றாமல் ஓட்டியோ இப்படித் தேயும். சந்தேகம் தீரவில்லையென்றால் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள், சத்தமும் பின்னால் போய்விட்டால் தீர்ந்தது வழக்கு. கையோடு டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று வைத்திருக்கும் பழைய டயர் ரப்பர் இறுகிப்போய் இரைச்சல் போடும்.

டயர் இல்லையென்றால் எந்தப் பக்கப் பேரிங்? 50, 60 வேகத்தில், முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது, ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் அலையவிடுங்கள், பாதை மாறுகிற அளவுக்குத்தான். வலப்பக்கம் ஒடிக்கும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தில் சாயும். அப்போது சத்தம் கனத்தால் இடது பேரிங். இடப்பக்கம் ஒடித்தால் கனக்கிறது என்றால் வலது. சில வண்டிகளில் இது தலைகீழாகவும் காட்டும், ஆகவே இதை மட்டும் நம்பிக் காசை எடுத்து நீட்டாதீர்கள். ஜாக்கி வைத்து உறுதி செய்த பிறகு மாற்றுங்கள்.

இதையெல்லாம் செய்யாமல் காது சொன்னதைக் கேட்டுத்தான் நான் நல்ல பேரிங்கை மாற்றினேன். இடது பேரிங் ஏன் போனது என்பது யோசித்தபோது புரிந்தது. கார்த்திகையில் கண்மாய் கலுங்கு நிரம்பிச் சாலை மேல் தண்ணீர் ஓடியபோது அதில் வண்டியை இறக்கியிருந்தேன். தண்ணீருக்கடியில் இருந்த பள்ளத்தில் இடது சக்கரம் டொம் என்று இறங்கியது. அந்த அடியில் பேரிங் வளையத்தில் குண்டுகள் பதிந்து தழும்பு விழும். சீல் வழியாகத் தண்ணீரும் புகுந்தால் கிரீஸ் கெட்டு, துரு ஏறி, வாரக்கணக்கில் கழித்துத்தான் சத்தம் தொடங்கும். அடிபட்ட நாளையும் சத்தம் வந்த நாளையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

ஜாக்கி வைத்து

இடம் கெட்டியாக இருக்க வேண்டும். செம்மண் சரளையில் ஜாக்கி மெல்ல மெல்லப் புதையும், அடியில் ஒரு தடிமனான பலகை போடுங்கள். அதற்காக வீட்டுப் போர்டிகோவில் வைத்தும் செய்யாதீர்கள். எங்கள் போர்டிகோவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. ஒருமுறை அதன் மேல் ஜாக்கி வைத்தேன், ஒரு கல் குறுக்கே விரிசல் விட்டது. அப்பத்தா இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்ப்பார்.

ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். அநேகமாக எல்லா வண்டியிலும் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், முன்சக்கரம் தாராளமாகச் சுற்றும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் கழற்றிய ஸ்டெப்னியை வண்டிக்கடியில் படுக்கப் போட்டு வையுங்கள், ஜாக்கி நழுவினாலும் வண்டி முழுதாக இறங்காது.

இனிச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, மற்றக் கையை மேலே உள்ள காயில் ஸ்பிரிங் மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. பழுதானது என்றால் விரல் நுனியில் குறுகுறு என்று மணல் அரைபடுவது போலத் தெரியும். காதுக்கு எட்டாத தேய்மானம் கூட இதில் அகப்படும். நான் அன்று உணர்ந்தது, அம்மியில் உப்புக்கல் நெரிபடும்போது கைக்கு வருமே, அதே நெருடல். வலது சக்கரத்தையும் தூக்கித் தொட்டுப் பார்த்தேன், புதுப் பேரிங் வெண்ணெயாகச் சுற்றியது. ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் இரண்டு பக்கமும் தூக்குங்கள்.

அடுத்தது ஆட்டம். கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இருக்கும் இடத்தில் டயரைப் பிடித்து உள்ளே வெளியே அசையுங்கள். டக் டக் என்று ஆடினால் பேரிங்காக இருக்கலாம், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையான லோயர் ஆர்மின் பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுபோனால் பேரிங். பிடித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட். பால் ஜாயிண்ட் என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். அது கழன்றால் சக்கரம் அப்படியே மடிந்து படுத்துவிடும். 3 மணி, 9 மணியில் பிடித்து அசைத்தால் மட்டும் ஆட்டம் இருக்கிறதென்றால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் மூட்டுகளான டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட்.

பேரிங் மாற்றும்போது கவனிக்க இரண்டு விஷயம். ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) அழுத்தி ஏற்றும் வகைப் பேரிங்கை பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதிதிலேயே தழும்பு விழுந்து சீக்கிரம் மறுபடி ஊம்ம்ம் என்று ஆரம்பிக்கும். அப்புறம், ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும், பார்க்கச் சாதாரண சீல் மாதிரியே தெரியும். அது சென்சார் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் சத்தம் போய்விடும், டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவிலுள்ள பெரிய ஆக்ஸில் நட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மாட்டி 50 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை நீங்களே ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கட்கட்கட்: திரும்பும்போது

முட்டும் வரை ஸ்டியரிங்கை ஒடித்து, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தித் திரும்பும்போது கட்கட்கட் என்று சீராகக் கேட்டால் ஆக்ஸிலின் வெளி ஜாயிண்ட். வேறு எதுவும் இவ்வளவு சுத்தமாக இந்தச் சத்தம் போடாது. காலி மைதானத்தில் இடச்சுற்று ஒன்று, வலச்சுற்று ஒன்று அடித்துப் பாருங்கள். அநேகமாக வட்டத்தின் வெளிப்பக்கமாக ஓடும் சக்கரத்தின் ஜாயிண்ட்தான் அதிகம் கத்தும்.

ஜாயிண்டைக் காப்பது அதன் மேல் மாட்டியிருக்கும் ரப்பர் பூட். அது கிழிந்தால் உள்ளே இருக்கும் கறுப்புக் கிரீஸ் சுற்றும் வேகத்தில் வெளியே தெறித்துவிடும், மண் உள்ளே போய்விடும். ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டுக் குனிந்து ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். நம் ஊர்ப் புழுதியில் அந்தக் கிரீஸ் செம்மண்ணோடு சேர்ந்து காய்ந்த கருப்பட்டிப் பாகு மாதிரி வட்டமாக அப்பியிருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும், செலவு கொஞ்சம். சத்தம் வந்த பிறகு பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஜாயிண்டையோ, முழு ஆக்ஸிலையோ மாற்ற வேண்டியதுதான்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலே டொய்ங் என்று ஸ்பிரிங் துள்ளுகிறதா? பானட்டைத் திறந்து, ஒருவரைத் திருப்பச் சொல்லி, ஸ்ட்ரட்டின் தலையில் கை வையுங்கள். துள்ளல் கையில் தெரிந்தால் மேல் மவுண்ட் பேரிங். முழுக்க ஒடிக்கும்போது மட்டும் சரசரவென்று உரசினால் சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மட்கார்டு கிளிப் விட்டுத் தொங்குகிறது.

லொடக், டொக்: பள்ளம் மேட்டில்

சரளைச் சாலையில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் பாத்திரக்கடை மாதிரி லொடலொடத்தால் நான் முதலில் கை வைப்பது ஸ்டெபிலைசர் லிங்க் ராடில், வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் குச்சி அது. மலிவான பொருள், அடிக்கடி போவதும் அதுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு வேகத்தடை போதும். ஸ்டெபிலைசர் கம்பி இரண்டு சக்கரமும் வேறுவேறாக ஏறி இறங்கும்போதுதான் வேலை செய்யும். வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகப் போங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி ஓரமாகப் போங்கள். நேராகப் போகும்போது அமைதி, ஒரு சக்கரம் ஏறினால் டொக் என்றால் லிங்க் ராடோ, கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷோ. இரண்டிலும் டொக் என்றால் ஸ்ட்ரட், அதன் மேல் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் என்று தேட வேண்டும்.

லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருந்தால் இன்னொரு அடையாளமும் உண்டு. வண்டியைக் கிளப்பும்போது ஒரு டொக், பிரேக் போட்டு நிற்கும்போது ஒரு டொக். ஸ்ட்ரட் என்றால் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கும்.

இதற்குள் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிப் பட்டியல் நீட்டிவிடுவார்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அதே சரளையில் போகும்போது பிரேக்கை இடது காலால் வேண்டாம், வலது காலாலேயே, மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் லொடலொடப்பு நின்றுபோனால் சஸ்பென்ஷனே இல்லை; பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டை) அதன் கூட்டில் ஆடுகிறது, அல்லது பேட்டை அழுத்தும் கேலிப்பரின் பின் தேய்ந்திருக்கிறது. பேட் மாற்றும்போது பழைய கிளிப்பைத் திருப்பி மாட்டாமல் விட்டிருப்பார்கள். சின்னக் கம்பித் துண்டுதான், அதற்காக லோயர் ஆர்ம் மாற்றியவர்கள் உண்டு.

கிரீச், நறநற: பிரேக்கைச் சுற்றி

குலதெய்வக் கோயிலுக்குப் போகும் சரளைப் பாதையில் திடீரென்று தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கிரீச்சிடல். வண்டி நகர்ந்தால் கத்தும், நின்றால் நிற்கும். பிரேக் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரி. முதல் தடவை எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. விஷயம் ஒன்றுமில்லை: டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு சரளைக்கல் மாட்டிக்கொண்டிருந்தது. பத்தடி பின்னால் எடுத்தேன், கல் விழுந்துவிட்டது. பின்னால் எடுத்தும் விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, ஸ்குரூ டிரைவரால் தகட்டை லேசாக நெம்பினால் போதும். ஆனால் டிஸ்க் சூடாக இருக்கும், விரலைக் கொடுக்காதீர்கள்.

பிரேக்கோடு சம்பந்தப்பட்ட கீச்சுக் குரல் வேறு. பல பேட்களில் தேய்மானத்தைச் சொல்ல ஒரு தகட்டு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டு மெல்லிசாகக் கீச்சிடும். பேட்டின் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். கீச்சைக் கேட்டும் ஓட்டினால் அடுத்து நறநற. அப்போது பேட்டோடு டிஸ்க்கும் போகும்.

ஒரு பக்கம் மட்டும் பேட் தேய்ந்து, வண்டி அந்தப் பக்கமே இழுத்தால் கேலிப்பர் இறுகியிருக்கிறது. அதிகம் பிரேக் போடாமல் 10 கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கி, புறங்கையை இரண்டு ரிம்முக்கும் அருகே கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒன்று இட்லிச் சட்டி மாதிரி அனல் அடித்தால் அதுதான். தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

பூட்டிக் கிடந்த வீட்டு வண்டி

இது நம் பக்கத்துக்கே உரிய வியாதி. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) கல்யாணத்துக்கும் வீடு திறக்கும்போதுதான் ஷெட்டும் திறக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்ததும் முன்பக்கம் எல்லாச் சத்தமும் ஒன்றாக வரும், பயந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓடிவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். முதல் சில பிரேக்கில் கேட்கும் சரசரப்பு டிஸ்க் மேல் பூத்த துரு. நாலைந்து முறை நிதானமாக பிரேக் போட்டால் பேட் தேய்த்து எடுத்துவிடும். தொப் தொப் என்று சக்கரத்துக்கு ஒன்றாக அடிப்பது, நின்ற இடத்தில் டயர் தட்டையானதால். காற்றைச் சரிபார்த்துவிட்டு ஓட்டினால் டயர் சூடேறியதும் பெரும்பாலும் அடங்கும். 20, 30 கி.மீ. போயும் அடங்கவில்லையென்றால் டயர் உருக்குலைந்துவிட்டது, மாற்ற வேண்டும். பிரேக் போடும்போது மட்டும் தொப் தொப் என்றால் வேறு கதை. பேட் ஒட்டியிருந்த இடத்தில் டிஸ்க்கில் அதன் அச்சு அப்படியே துருவாகப் பதிந்திருக்கும். லேசானால் ஓட்ட ஓட்டப் போகும், ஆழமானால் லேத்தில் கடையவோ மாற்றவோ வேண்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சாவி கொடுத்து, மாதம் இரண்டு முறை ஊரணியைச் சுற்றி ஒரு நடை ஓட்டச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லுங்கள்.

டிக் டிக்: சில்லறைச் சத்தம்

நொடிக்கு மூன்று கணக்கில் டிக் டிக் வந்தால் முதலில் டயர் பட்டனுக்குள் பாருங்கள். கல் இருக்கும். இல்லையென்றால் ஆணியோ சீமைக்கருவேல் முள்ளோ. முள்ளை அங்கேயே பிடுங்காதீர்கள், அடைத்துக்கொண்டிருப்பதே அதுதானோ என்னவோ. பஞ்சர் கடைவாசலில் போய்ப் பிடுங்குங்கள். வீல் கப் தளர்ந்தாலும் இதே சத்தம். கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு ஓட்டினால் தெரிந்துவிடும்.

சீட்டு எழுதிக் கொடுப்பது

மெக்கானிக்கிடம் போய் "அண்ணே, பேரிங்கை மாத்துங்க" என்று சொன்னால் அவர் பேரிங்கைத்தான் மாற்றுவார். நான் முதல் முறை செய்த தப்பு அது. இரண்டாவது முறை வேறொரு ஷெட்டுக்குப் போனேன். ஒரு துண்டுத் தாளில் இப்படி எழுதிக் கொடுத்தேன்:

ஐம்பதுக்கு மேல் ஊங்காரம். நியூட்ரலிலும் உண்டு. சாலை மாறினாலும் மாறவில்லை. வலப்பக்கம் ஒடித்தால் கூடுகிறது, இடப்பக்கம் ஒடித்தால் குறைகிறது. பிரேக்கில் மாற்றமில்லை. கார்த்திகையில் தண்ணீரில் இறங்கியது. வலது பேரிங் புதுசு.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜாக்கியை உருட்டிக்கொண்டு நேரே இடது பக்கம் போய் உட்கார்ந்தார்.